சோல் ஜாஸ், ஜாஸ் ஃபங்க் எல்பி சேகரிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எல்பி இசைத்தட்டு வாங்கும் பழக்கத்துக்குப் புதிதாக வந்தவர்களும், வருடக்கணக்கில் ராக் மட்டும் சேர்த்துவிட்டு இப்போது இந்தப் பக்கம் திரும்புகிறவர்களும் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதுவதைவிட ஒரே இடத்தில் வைத்துவிடலாம் என்று தொகுத்தேன். கேள்விகள் கேட்டவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. இங்கே பேசப்படுவதெல்லாம் 1950-களின் கடைசியிலிருந்து 1970-களின் கடைசி வரை அமெரிக்காவில் வெளிவந்த தட்டுகள்.

சோல் ஜாஸ், ஜாஸ் ஃபங்க், ரெண்டும் ஒண்ணுதானா?

ஒன்றிலிருந்து மற்றது வந்தது. 1940-களின் பீபாப் காலத்துக்குப் பிறகு ஜாஸ், உட்கார்ந்து கூர்ந்து கேட்க வேண்டிய இசையாக மாறிக்கொண்டிருந்தது. அப்போது கறுப்பின தேவாலயத்தின் காஸ்பல் பாட்டையும் ப்ளூஸையும் வெளிப்படையாக உள்ளே கொண்டுவந்து, சாதாரண ஜனங்கள் வேலை முடிந்து போகிற பார்களில் வாசித்தார்கள். பிலடெல்பியா, நூவர்க், சிகாகோ மாதிரி ஊர்கள். ஹேமண்ட் ஆர்கன், டெனர் சாக்ஸ், கிட்டார், டிரம்ஸ் என்று நாலு பேர் இருந்தால் போதும். அதுதான் சோல் ஜாஸ்.

1970-ஐ ஒட்டி டிரம்மின் நடை மாறுகிறது. சிம்பலில் ஓடிக்கொண்டிருந்த ஸ்விங் குறைந்து, ஜேம்ஸ் பிரவுன் இசைக்குழு மாதிரி முதல் அடியில் ஊன்றி வாசிக்கிறார்கள். எலெக்ட்ரிக் பேஸ், வா-வா கிட்டார், கிளாவினெட் என்ற மின் கீபோர்டு, சிந்தசைசர் எல்லாம் வந்து சேர்கின்றன. இதை ஜாஸ் ஃபங்க் என்கிறோம். கோடு போட்டுப் பிரிக்க முடியாது. 1967 முதல் 1972 வரை வந்த பல தட்டுகளில் ஒரு பக்கத்திலேயே இரண்டும் இருக்கும், எனக்கு மிகவும் பிடித்த காலமும் அதுதான்.

எனக்கு ஜாஸே புரியாது. எதிலிருந்து ஆரம்பிக்கட்டும்?

இந்த வகை உங்களுக்காகவே இருக்கிறது. ஜிம்மி ஸ்மித்தின் 'பேக் அட் தி சிக்கன் ஷாக்' எடுத்துக்கொள்ளுங்கள். 1960-ல் பதிவானது, 1963-ல் வந்தது. ஸ்டான்லி டரன்டைன் சாக்ஸ், கென்னி பரெல் கிட்டார், டொனால்ட் பெய்லி டிரம்ஸ். அவசரமே இல்லாத ப்ளூஸ். அப்புறம் லீ மார்கனின் 'தி சைட்வைண்டர்', 1963 டிசம்பரில் பதிவாகி அடுத்த வருடம் வந்து, ப்ளூ நோட் கம்பெனி அதுவரை பார்த்திராத அளவுக்கு விற்றது. ராம்சி லூயிஸ் ட்ரியோவின் 'தி இன் கிரவுட்' 1965. இந்த மூன்றையும் தலா ஐந்தாறு தடவை கேட்டுவிட்டு 1970-களுக்கு வாருங்கள்.

அங்கே முதல் தட்டு ஹெர்பி ஹான்காக்கின் 'ஹெட் ஹண்டர்ஸ்', 1973. 'கமீலியன்' பாட்டின் ஆரம்பத்தில் வரும் அந்தக் கனத்த பேஸ் ஒலி, பேஸ் கிட்டாரில் வாசித்தது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் ஹான்காக் சிந்தசைசரில் வாசித்தது. 'வாட்டர்மெலன் மேன்' தொடக்கத்தில் புல்லாங்குழல் போலக் கேட்பது பில் சம்மர்ஸ் பீர் பாட்டிலில் ஊதியது, மத்திய ஆப்பிரிக்காவின் காட்டுவாசிகள் ஊதும் முறையிலிருந்து எடுத்தது. லட்சக்கணக்கில் அச்சான தட்டு என்பதால் பழைய பிரதியே சுலபமாகக் கிடைக்கும்.

ஆர்கன் தட்டுகள்ல பேஸ் நல்லா கேக்குது, ஆனா பின்னட்டையில பேஸ் வாசிச்சவர் பேரே இல்லையே?

ஆர்கன் வாசிப்பவரே பேஸும் வாசிக்கிறார். ஹேமண்ட் பி-3 யில் இரண்டு வரிசை விசைகள், காலுக்குக் கீழே 25 பெடல்கள். வலது கை ராகத்தை எடுக்கும், இடது கை பேஸ் வரியை ஓட்டும், கால் அந்தந்த ஸ்வரத்தைத் தட்டி அழுத்தம் கொடுக்கும். ஒரே ஆள். ஜிம்மி ஸ்மித் இதை எந்த வேகத்தில் செய்கிறார் என்பதைக் கவனிக்க, பேஸை மட்டும் தனியாகப் பின்தொடர்ந்து ஒரு முழுப் பக்கம் கேட்டுப் பாருங்கள்.

விசை அழுத்தும்போது 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம் வரும். தட்டில் கீறலோ என்று சந்தேகப்பட வேண்டாம். கருவியைச் செய்தவர்களே குறை என்று கருதிய சத்தம் அது, வாசித்தவர்களுக்கோ அதுதான் தாளத்துக்குக் கூர்மை. ஆர்கனோடு இணைக்கும் லெஸ்லி ஸ்பீக்கருக்குள் ஒலிக்குழல் சுழலுவதால் வரும் அலையையும் கேளுங்கள், மெதுவிலிருந்து வேகத்துக்கு மாறும் அந்த இரண்டு மூன்று விநாடியில்தான் பார் முழுக்கக் கத்தும்.

யூட்யூப்லயே எல்லாம் கிடைக்குது. எதுக்கு தட்டு வாங்கணும்?

கேட்பதற்கு மட்டும் என்றால் வாங்க வேண்டாம், உண்மையாகவே சொல்கிறேன். ஆனால் இந்த இசை, ஒரு பக்கத்துக்கு இருபது நிமிடம் என்ற அளவுக்குள் யோசிக்கப்பட்டது. ஜிம்மி ஸ்மித்தின் 'தி செர்மன்' ஒரு பக்கம் முழுவதையும் எடுத்துக்கொள்கிறது, பக்கம் முடிந்ததும் எழுந்து திருப்பிப் போடும்போதுதான் அது எவ்வளவு பெரிய வேலை என்று உறைக்கும். இன்னொரு காரணம் பின்னட்டை. யார் வாசித்தார், எங்கே பதிவு செய்தார்கள் என்ற விவரம்தான் அடுத்த தட்டுக்கு வழி காட்டும். அதைக் கீழே விவரமாகச் சொல்கிறேன்.

சூட்கேஸ் மாடல் ப்ளேயர் வச்சு ஆரம்பிக்கலாமா?

புதுத் தட்டுக்கே அதைப் பரிந்துரைக்க மாட்டேன், ஐம்பது வருடப் பழைய தட்டுக்கு நிச்சயமாக வேண்டாம். அவற்றின் ஊசி கனமாக அழுத்தும், அழுத்தத்தை மாற்றவும் முடியாது. நல்ல காந்தக் கார்ட்ரிட்ஜ்கள் (ஊசியைத் தாங்கும் பாகம்) பொதுவாக இரண்டு கிராம் அளவில் வேலை செய்கின்றன. அழுத்தத்தைச் சரிசெய்யும் எடை பின்னால் உள்ள, ஊசி மாற்றக்கூடிய ஒரு சாதாரண டர்ன்டேபிள் போதும். ஆம்ப்ளிஃபையருக்குச் செலவழிக்கும் முன் ஊசிக்குச் செலவழியுங்கள்.

'வெரி குட் ப்ளஸ்'னு போட்டு விக்கிறாங்க. நம்பலாமா?

தர வரிசையில் வார்த்தைகள் கொஞ்சம் ஏமாற்றும். மின்ட், நியர் மின்ட், வெரி குட் ப்ளஸ், வெரி குட், குட் என்று இறங்கும். 'குட்' என்றால் நடைமுறையில் மோசம். 'வெரி குட்' என்றால் பின்னணியில் கரகரப்பு இருக்கும் ஆனால் கேட்கலாம். வெரி குட் ப்ளஸ்தான் பெரும்பாலோருக்கு விலையும் தரமும் ஒத்துப்போகிற இடம்.

இந்த வகைத் தட்டுகளில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. இவை பார்ட்டியில், கனமான ஊசியில், நூறு தடவை ஓடிய தட்டுகள். கண்ணுக்குப் பளபளவென்று இருக்கும், கீறல் இருக்காது, ஆனால் ஊசி ஓடும் வரிகள் தேய்ந்திருக்கும். டார்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் கறுப்புக்குப் பதில் சாம்பல் பூத்த மாதிரி தெரியும். ஓட்டினால் டிரம்பெட்டும் சாக்ஸும் உரக்க ஏறும் இடத்தில் கரகரவென்று உடையும். எந்தக் கழுவலும் இதைச் சரிசெய்யாது. விற்பவரிடம் 'பார்த்துத் தரம் சொன்னீர்களா, ஓட்டிப் பார்த்தா?' என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் விலையுயர்ந்த தட்டு வாங்க வேண்டாம்.

ப்ளூ நோட் ஒரிஜினல் அச்சை எப்படிக் கண்டுபிடிக்கறது?

இரண்டு இடம் பார்க்க வேண்டும். முதலில் நடு லேபிளில் உள்ள முகவரி. 1950-களின் நடுவில் 767 லெக்சிங்டன் அவென்யூ, அப்புறம் 47 வெஸ்ட் 63-ம் தெரு, 1960-களின் தொடக்கத்திலிருந்து வெறும் 'நியூயார்க், யுஎஸ்ஏ'. கம்பெனி கைமாறியபின், 1966-லிருந்து, லேபிளில் 'லிபர்ட்டி ரெக்கார்ட்ஸின் பிரிவு' என்ற வாசகம் வரும். எந்த முகவரி சரி என்பது அந்த ஆல்பம் முதலில் வந்த வருடத்தைப் பொறுத்தது. 1964-ல் வந்த 'சைட்வைண்டர்' லெக்சிங்டன் லேபிளில் இருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டாவது இடம், கடைசிப் பாட்டு முடிந்து லேபிள் தொடங்கும் வரை உள்ள வெற்று வளையம். அங்கே சாய்த்து எழுதிய 'P' என்ற ஆங்கில எழுத்து ஒன்று கீறப்பட்டிருக்கும், பார்க்கக் காது மாதிரி இருப்பதால் சேகரிப்பவர்கள் 'காது' என்றே சொல்வார்கள். பிளாஸ்டிலைட் என்ற அச்சுக்கூடத்தின் அடையாளம் அது. 1966-ல் அங்கே அச்சிடுவது நின்றுவிட்டதால், காது இருந்தால் அதற்கு முந்தைய அச்சு. இந்த இரண்டும் ஒத்துப்போகிற, நல்ல நிலையில் உள்ள பிரதிகளுக்கு நூற்றுக்கணக்கான டாலர் கேட்பார்கள், சிலவற்றுக்கு ஆயிரம் தாண்டும்.

அந்த வளையத்துல 'வேன் கெல்டர்'னு முத்திரை இருக்கே, அது என்ன?

ரூடி வேன் கெல்டர். கண் பரிசோதகராகத் தொழில் செய்துகொண்டே, நியூ ஜெர்சியின் ஹாக்கென்சாக்கில் பெற்றோர் வீட்டு வரவேற்பறையில் ஜாஸ் பதிவு செய்தவர். 1959-ல் இங்கிள்வுட் கிளிஃப்ஸில் சொந்த ஸ்டூடியோ கட்டினார். ப்ளூ நோட், ப்ரெஸ்டீஜ், பிறகு சிடிஐ என்று இந்த வகையின் முக்கியமான கம்பெனிகள் எல்லாம் அவரிடம்தான் போயின. 'ஆர்.வி.ஜி.' அல்லது 'வேன் கெல்டர்' என்ற முத்திரை, பதிவு செய்தது மட்டுமில்லாமல் அச்சுக்கான மூலத்தட்டில் வரிகளையும் அவரே வெட்டினார் என்பதைக் காட்டுகிறது.

வாங்குபவருக்கு இதில் பெரிய லாபம் இருக்கிறது. லிபர்ட்டி காலத்தில் மறுபடி அச்சிட்டபோதும் பல ஆல்பங்களுக்கு அவர் வெட்டிய அதே மூலத்தைத்தான் பயன்படுத்தினார்கள். அதாவது காது இல்லாத, லிபர்ட்டி லேபிள் போட்ட, முத்திரை மட்டும் உள்ள பிரதியில் நீங்கள் கேட்பது அதே வெட்டு. விலையோ பல மடங்கு குறைவு. என் அலமாரியில் அதிகம் இருப்பதும் அதிகம் ஓடுவதும் இவைதான்.

புது ரீஇஷ்யூ (மறுவெளியீடு) வாங்கினா கேவலமா?

இல்லவே இல்லை. 2019-ல் தொடங்கிய ப்ளூ நோட்டின் 'டோன் பொயட்' வரிசை மூல டேப்பிலிருந்து கெவின் கிரே வெட்டியது, தேய்ந்த ஒரிஜினலைவிட நூறு மடங்கு நல்ல அனுபவம். 1980-களில் ஃபேன்டசி கம்பெனி கொண்டுவந்த ஓஜேசி (ஒரிஜினல் ஜாஸ் கிளாசிக்ஸ்) வரிசையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம், ப்ரெஸ்டீஜ், ரிவர்சைட் தட்டுகள் அதில் வந்தன. அரிதான ஃபங்க் பக்கத்துக்கு லண்டனின் பிஜிபி லேபிளைப் பாருங்கள். ஜப்பானிய அச்சுகளில் மேற்பரப்புச் சத்தம் மிகக் குறைவு, அட்டையும் அருமை.

ஒன்றில் மட்டும் எச்சரிக்கை தேவை. 1963-க்கு முன் வெளிவந்த பதிவுகளுக்கு ஐரோப்பாவில் பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டதால், யார் வேண்டுமானாலும் அங்கே சட்டப்படி அச்சிடலாம். அப்படி வரும் மலிவான தட்டுகள் பலவற்றுக்கு மூலம் ஒரு சிடியாக இருக்கக்கூடும். அட்டையில் எந்த மூலத்திலிருந்து எடுத்தது, யார் வெட்டியது என்று எதுவுமே போடவில்லை என்றால் அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வராது.

70-கள் தட்டு அப்பளம் மாதிரி மெல்லிசா இருக்கு. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை. ஆர்சிஏ கம்பெனி அதற்கு முன்பே வேண்டுமென்றே மெல்லிய தட்டு போட ஆரம்பித்திருந்தது. 1973 எண்ணெய் நெருக்கடி வந்ததும் மூலப்பொருள் விலை ஏறி, மற்ற கம்பெனிகளும் கனத்தைக் குறைத்தன. மெல்லிசாக இருப்பதால் ஒலி மோசம் என்றும் கிடையாது. சுலபமாக வளையும், அவ்வளவுதான்.

எப்படிக் கழுவறது? நம்ம ஊர் வெயில், ஈரம் தாங்குமா?

காய்ச்சி வடித்த நீர், அதில் பத்தில் ஒரு பங்கு ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஒரு துளி வாசனையில்லாத சோப்புத் திரவம். மென்மையான பிரஷ்ஷால் வரி போகும் திசையிலேயே சுற்றித் தேயுங்கள், லேபிளில் படாமல். பிறகு வெறும் வடித்த நீரில் ஒரு அலசு. குழாய்த் தண்ணீர் காய்ந்தால் உப்பு வரிக்குள்ளேயே தங்கிவிடும். 78 வேகத்தில் ஓடும் பழைய அரக்குத் தட்டுகளுக்கு ஆல்கஹால் கூடவே கூடாது, கரைத்துவிடும்.

சென்னை, மதுரை வெயிலில் மூடிய காருக்குள் ஒரு மணி நேரம் விட்டால் போதும், தட்டு வளைந்துவிடும். நிமிர்த்தி நிற்கவைத்து அடுக்குங்கள், படுக்கப்போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காதீர்கள். மழைக்காலத்தில் பழைய காகித உள்ளுறையில் பூஞ்சை பிடிக்கும், வாங்கிய அன்றே பாலித்தீன் உள்ளுறைக்கு மாற்றிவிட்டு, பழைய உறையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும்போது என்ன கவனிக்கணும்?

தபால் செலவில் முதல் தட்டுக்குத்தான் அதிகம், அதனால் ஒரே விற்பனையாளரிடம் நாலைந்து சேர்த்து வாங்குங்கள். சுங்க வரி வரலாம் என்று கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். தட்டை அட்டையிலிருந்து வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் தனியாக வைத்து அனுப்பச் சொல்லுங்கள். உள்ளேயே இருந்தால் வழியில் குலுங்கிக் குலுங்கி அட்டையின் ஓரத்தைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும்.

எல்லாரும் சொல்ற அதே பத்து தட்டுதான் எனக்கும் தெரியுது. மேற்கொண்டு எப்படித் தேடறது?

முன்னட்டையில் பெரிதாகப் போட்ட பேரை விட்டுவிட்டு, பின்னட்டையில் டிரம்ஸ் யார் என்று பாருங்கள். நான் சொல்ல விரும்புகிற ஒரே ரகசியம் இதுதான். உதாரணத்துக்கு ஒருவர். லூ டொனால்ட்சனின் 'அலிகேட்டர் பூகலூ', 1967. ஆர்கனில் லோனி ஸ்மித், கிட்டாரில் இளம் ஜார்ஜ் பென்சன், டிரம்ஸ் லியோ மோரிஸ் என்று இருக்கும். நியூ ஆர்லியன்ஸ்காரர். ஊர்வலங்களில் தெருவில் வாசிக்கும் அந்த ஊர் டிரம் நடை, பாட்டு முழுக்க ஸ்னேர் டிரம்மில் உருண்டுகொண்டே இருக்கும். இவர் பிறகு பேரை இத்ரீஸ் முகமது என்று மாற்றிக்கொண்டார்.

அந்தப் பேரைப் பிடித்துக்கொண்டு போங்கள். சார்லஸ் எர்லண்டின் 'பிளாக் டாக்', கிராண்ட் கிரீனின் 'அலைவ்', குரோவர் வாஷிங்டன் ஜூனியரின் முதல் ஆல்பமான 'இன்னர் சிட்டி ப்ளூஸ்' (ஹாங்க் கிராஃபோர்டு வர முடியாமல் போனதால் குரோவருக்குக் கிடைத்த வாய்ப்பு), பாப் ஜேம்ஸின் 'நாட்டிலஸ்' பாட்டு, பிறகு இத்ரீஸ் பேரிலேயே 1974-ல் வந்த 'பவர் ஆஃப் சோல்'. நாலைந்து கம்பெனி, ஏழு வருடம், ஒரே கை. சோல் ஜாஸ் எப்படி ஃபங்க்காக மாறியது என்று முதல் கேள்வியில் சொன்னேனே, அது முழுவதும் இந்த ஒருவர் வாசிப்பிலேயே கேட்கும்.

இதே மாதிரி பெர்னார்ட் பர்டி, ஹார்வி மேசன் பேர்களைத் தொடருங்கள். அப்புறம், இசைக்கலைஞர்களே நடத்திய சின்னக் கம்பெனிகளையும் பாருங்கள். 1971-ல் சார்ல்ஸ் டாலிவரும் ஸ்டான்லி கௌவெலும் தொடங்கிய ஸ்ட்ராட்டா-ஈஸ்ட், ஓக்லண்டில் ஜீன் ரசல் நடத்திய பிளாக் ஜாஸ். ஒரிஜினல் விலை கையைச் சுடும், ரீஇஷ்யூ தாராளமாக வருகிறது.

ஹிப்-ஹாப்ல சாம்பிள் பண்ணினதாலதான் விலை ஏறுச்சுன்னு சொல்றாங்களே?

பெரிய அளவில் உண்மை. ரோனி ஃபாஸ்டரின் 1972 தட்டில் உள்ள 'மிஸ்டிக் ப்ரூ'வை 1993-ல் எ ட்ரைப் கால்டு க்வெஸ்ட் என்ற ஹிப்-ஹாப் குழு வெட்டியெடுத்துத் தங்கள் பாட்டில் சேர்த்தார்கள், மேலே சொன்ன 'நாட்டிலஸ்' எத்தனையோ பாட்டுகளுக்கு அடித்தளம். அதற்கு முன்பே 1980-களில் லண்டன் டிஜேக்கள் 'ரேர் க்ரூவ்' என்று இவற்றைத் தேட ஆரம்பித்திருந்தார்கள். எட்டு விநாடி டிரம் தனியாக வருகிறது என்பதற்காகவே விலை ஏறிய, மற்றபடி சுமாரான ஆல்பங்களும் உண்டு. முழுப் பக்கத்தையும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

'நாட்டிலஸ்' பற்றி ஒரு குறிப்பு. 'ஒன்' ஆல்பத்தின் இரண்டாம் பக்கத்தில் கடைசிப் பாட்டு அது. லேபிளை நெருங்க நெருங்க ஊசியின் கீழே வரி ஓடும் வேகம் குறைவதால், தேய்மானம் அங்கேதான் முதலில் கேட்கும். எல்லாரும் ஓட்டிய பாட்டும் அதுவே. விற்பவரிடம் அந்தக் கடைசி மூன்று நிமிடத்தை ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

'லைவ்'னு போட்டிருந்தா நிஜமாவே கிளப்ல எடுத்ததா?

பெரும்பாலும் ஆமாம். 'தி இன் கிரவுட்' வாஷிங்டனின் போஹீமியன் கேவர்ன்ஸில் எடுத்தது, 'அலைவ்' நூவர்க்கின் கிளிஷே லவுஞ்சில். ஆனால் கேனன்பால் ஆடர்லியின் 'மெர்ஸி, மெர்ஸி, மெர்ஸி' அட்டை சொல்கிற சிகாகோ கிளப்பில் எடுக்கப்படவில்லை. 1966-ல் ஹாலிவுட்டின் கேபிட்டல் ஸ்டூடியோவுக்குள் ஆட்களை அழைத்து, குடிக்கக் கொடுத்து, அவர்கள் முன்னால் வாசித்தார்கள். கைதட்டல் உண்மை, இடம்தான் வேறு. ஜோ ஸாவினுலின் எலெக்ட்ரிக் பியானோ தொடங்கியதும் அந்தக் கூட்டம் எழுப்பும் குரல்களைக் கேட்டால் எங்கே எடுத்திருந்தால் என்ன என்று தோன்றிவிடும்.

தீவிர ஜாஸ் ரசிகர்கள் இதெல்லாம் காசுக்காக வாசிச்சதுங்கறாங்க. நிஜமா?

இந்தப் பேச்சு எனக்குக் கோபம் வரவழைக்கும். லூ டொனால்ட்சன் 1954-ல் டிரம்ஸ் மேதை ஆர்ட் பிளேக்கி, டிரம்பெட் மேதை கிளிஃபர்ட் பிரவுனோடு நியூயார்க்கின் பேர்ட்லேண்ட் கிளப்பில் வாசித்தவர். ஹான்காக் மைல்ஸ் டேவிஸ் குழுவில் இருந்தவர். கடினமான இசையை வாசிக்கத் தெரியாமல் இவர்கள் இந்தப் பக்கம் வரவில்லை. டொனால்ட் பேர்ட் ஹோவர்டு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவர். தயாரிப்பாளர்களான மிசெல் சகோதரர்களோடு அவர் செய்து 1973-ல் வந்த 'பிளாக் பேர்ட்' விமர்சகர்களிடம் அடி வாங்கியது, மக்களிடம் விற்பனைச் சாதனை செய்தது. தங்கள் சொந்த மக்கள் நடனமாடுகிற தாளத்தில் வாசிக்க வேண்டும் என்று அவர்கள் விரும்பினார்கள். ஒரே தாளத்தில் ஒரு ஸ்வரத்தைக்கூட வீணாக்காமல் பத்து நிமிடம் நிற்பது சின்ன வித்தையும் இல்லை.

லேபிளில் 'நியூயார்க், யுஎஸ்ஏ', வளையத்தில் வேன் கெல்டர் முத்திரை, ஆனா காது இல்லை. ஒரிஜினல்னு விக்கிறாங்க. வாங்கலாமா?

கம்பெனி கைமாறியபோது மிச்சமிருந்த பழைய லேபிள்களை லிபர்ட்டி தூக்கி எறியவில்லை, தீரும் வரை புது அச்சுகளில் ஒட்டினார்கள். அதனால் 1966-க்கு முன் வந்த ஆல்பமாக இருந்தால், நீங்கள் சொல்வது ஆரம்பகால லிபர்ட்டி அச்சு, முதல் அச்சு இல்லை. ஆல்பமே 1966-ன் பிற்பகுதியில் முதன்முறையாக வந்தது என்றால், காது இல்லாத அதுவே முதல் அச்சாகவும் இருக்கலாம். வெளிவந்த மாதத்தைப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். டிஸ்காக்ஸ் தளத்தில் ஒவ்வொரு அச்சுக்கும் தனிப் பக்கம் இருக்கிறது, வளையத்தில் உள்ள எண்களை எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். ஒலி விஷயத்தில் மேலே சொன்னதேதான்: முத்திரை இருக்கிறது, வரி தேயவில்லை என்றால் தாராளமாக வாங்கலாம், காதுக்கான விலையை மட்டும் கொடுக்காதீர்கள்.